ஒன்பது நொடி

புன்ட்டா அரேனாஸில் இன்று காற்று மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்.
வாகன நிறுத்தத்தில் யாரோ தொப்பியைத் துரத்துகிறார்.
செப்புத் தகடு பொதிந்த இந்த அறைக்குள்
காற்றும் வராது, வானொலியும் எடுக்காது.
காந்தத்தின் வாய்க்குள் மல்லாந்திருக்கிறார்
ஓனோஃப்ரே பாராமான்,
முப்பது ஆண்டு கடலடியில் முள்ளெலி பொறுக்கியவர்.

"மூச்சை இழுங்கள். விடுங்கள். அப்படியே பிடியுங்கள்."
எனக்கு வேண்டியது பதினெட்டு நொடி.
ஒன்பதில் நெஞ்சு விட்டுக்கொடுத்துவிடுகிறது.
திரையில் இதயம்
கலங்கிய தண்ணீரில் விழுந்த தெருவிளக்கு.

மறுபடி. ஒன்பது.
மறுபடி. எட்டரை.
"இன்றைய கையிருப்பு இவ்வளவுதான், யெர்கா" என்கிறார்
கல்லாவை மூடுகிறவர் குரலில்.

சரி.
பதினெட்டை ஒன்பதாக்க ஒரு வழி இருக்கிறது.
இந்த மெஷின் படம் பிடிப்பதில்லை, கேள்வி கேட்கிறது,
வரி வரியாக.
இத்தனை வரிக்கு ஒரு துடிப்பு என்று விலை.
ஒரு வரி விட்டு ஒரு வரி கேட்டால்
பாதி நேரம் போதும்,
பாதி அகலம்தான் கிடைக்கும்.
எனக்கு இதயம் போதும்; விலாவும் தோளும் யாருக்கு வேண்டும்?

சன்னலைச் சிறிதாக்கினால்
வெளியே நிற்பவர் போய்விடுவார் என்றுதான் நினைப்போம்.
போவதில்லை.
எதிர்ச் சுவர் வழியாக உள்ளே வந்து நிற்பார்.
ஈரம் காயாமல் மடித்த கடிதத்தில்
ஒரு பக்கத்து மை மறுபக்கத்து வரியில் ஒட்டிக்கொள்வது மாதிரி.

அப்படித்தான் வந்தது அவருடைய இடக்கை.
இடது விளிம்பில் தள்ளினேன்,
வலது விளிம்பில் நுழைந்து
சரியாக இதயத்தின் மேல் படுத்துக்கொண்டது,
நீதிமன்றத்தில் சத்தியம் செய்கிறவர் போல.

கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லலாம்.
அவரிடம் சொல்ல முடியாது.
ஆழத்திலிருந்து அவசரமாக ஏறி வந்த ஏதோ ஒரு நாளில்
தோள்மூட்டு உள்ளுக்குள் செத்துவிட்டது.
சட்டை போடவே மனைவி வேண்டும்.

அதனால் கையை ஊமையாக்கப் பார்த்தேன்.
தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு பட்டை வரைந்து,
கேள்விக்கு முன்னால் அங்கே மட்டும் ஓர் அதட்டல்.
தண்ணீர் அடங்கிப்போனது.
கொழுப்பு சீக்கிரம் தேறிவிடும் சாதி;
மெல்லிய பிறை ஒன்று
இடது கீழறையின் மேல் மிச்சம் நின்றது.

கடைசியாக ஒரு நம்பிக்கை.
அசைவது இதயம் மட்டும்.
அசையாததை ஒவ்வொரு சட்டத்துக்கும் ஏன் புதிதாகக் கேட்க வேண்டும்?
ஒரு தரம் கேட்டுவிட்டுக் கழித்துவிடலாம்.
கை அசையாத வரைக்கும் கணக்கு சரி.

நான்காவது சட்டத்தில் கை அசைந்தது.
ஆறாவதில். ஏழாவதில்.
பேயைப் போல இரட்டை விளிம்பு.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
அபாய மணியின் ரப்பர் குழாயை
விரல்கள் சுண்டிக்கொண்டிருந்தன,
அழுத்தாமல், இரண்டிரண்டாக.
"என்ன இது?"
அவருக்கே தெரியவில்லை. பிறகு சிரித்தார்.
"இரண்டு இழுப்பு என்றால், மேலே தூக்கு."

நெவெங்காவை பட்டனில் உட்காரவைத்துவிட்டு
காதை அடைத்துக்கொண்டு உள்ளேயே நின்றேன்.
அந்த விரல்களை என் உள்ளங்கைக்குள் மூடினேன்.
மெஷின் இடிக்கத் தொடங்கியது.
ஒன்று, இரண்டு,
விரல் இழுத்தது, விடவில்லை,
ஏழு,
எட்டு.

சாந்தியாகோவுக்குப் போன படத்தில்
வால்வின் நுனிகூடத் தெளிவாக இருக்கிறது.
பின்சுவரில் மெலிந்த ஓர் இடம், நல்ல செய்தியில்லை.
அதை டாக்டர் சொல்வார், நான் சொல்லக் கூடாது.

அவர் திரையை எட்டிப் பார்த்தார்.
"என் கை எங்கே?"
"எடுக்கவில்லை."
"உன் கை?"

கோட்டை மாட்டிவிட்டேன், இடது பக்கம் முதலில்.
வெளியே தொப்பிக்காரரைக் காணோம்.
தொப்பி மட்டும்
ஆம்புலன்ஸின் சக்கரத்தடியில் படபடத்துக்கொண்டிருந்தது.